மூன்று பூட்டுப் போட்ட பெட்டி: வன்னியின் சங்கங்களும் நைஜர் பெண்களும்

கடந்த தவணை விடுமுறைக்கு முந்திய கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று நாட்கள் தொடர்ந்து பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் தாயைக் கடையடியில் கண்டு விசாரித்தேன். "திங்கக்கிழமை ஒரு கொம்பனி, செவ்வாய் இன்னொண்டு, புதன் மற்றது ரீச்சர். லோன்காரர் வந்தா உம்மா வீட்ட இல்ல எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணுமே" என்றார். அதைச் சொல்வதற்குத்தான் பிள்ளையை நிப்பாட்டியிருக்கிறார்.

"ஊரில சங்கம் இருக்கே, அங்க கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சங்கத்தில காசு இருக்கா இல்லையா எண்டு உங்களுக்குத்தானே ரீச்சர் தெரியும்" என்றார்.

அவர் கேட்டது சரி. அந்தச் சங்கத்தின் உள்ளகக் கணக்காய்வாளராக இரண்டு வருடங்கள் இருந்தவள் நான். படித்த ஆள் ஒருவர் வேண்டும், ரீச்சர் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றுதான் என்னைப் போட்டார்கள். பொருளாளர் கொப்பித் தாளில் வரவையும் செலவையும் எழுதிக் கொண்டுவருவார். கூட்டல் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன், கையொப்பம் வைப்பேன். வங்கிப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்ததில்லை. மாணவர்களின் கணக்குக் கொப்பியில் செய்கை வழி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் புள்ளி குறைக்கிற நான், அங்கே விடையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டேன்.

யாரும் கொள்ளையடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மீள்குடியேற்றத்தின் பின் தொண்டு நிறுவனம் ஒன்று சுழற்சிமுறைக் கடனுக்கென்று கொடுத்த தொகை அது. முதலில் தலைவருக்கு நெருக்கமானவர்கள் எடுத்தார்கள். சிலர் கட்டினார்கள், சிலர் பிறகு தருகிறோம் என்றார்கள். கட்டாதவரிடம் கேட்கத் தலைவருக்குச் சங்கடம், ஏனென்றால் அவர் மச்சான் முறை. தலைவரிடம் கேட்க எங்களுக்குச் சங்கடம், ஏனென்றால் 1990இல் உடுத்த உடுப்போடு நாங்கள் வெளியேறிய நாளிலிருந்து முகாமிலும் புத்தளத்திலும் எங்களுக்காக அலைந்தவர் அவர்தான். சுழல வேண்டிய காசு இப்படியே நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் கொம்பனிக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது.

இந்தக் கதை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, சாளம்பைக்குளம், நாச்சிக்குடா என்று வன்னியில் எம்மவர் திரும்பி வந்த எந்த ஊரில் கேட்டாலும் இதன் ஏதோ ஒரு வடிவம் கிடைக்கும். பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் இதே கதைதான். போருக்குப் பிந்திய வன்னிக்கு வந்த உதவியெல்லாம் சங்கங்கள் வழியாகவே வந்தது: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், எங்களுக்கு மேலதிகமாகப் பள்ளி நிர்வாகமும் ஜனாஸா சங்கமும். வீடும் கிணறும் ஆடும் தையல் இயந்திரமும் கணக்குப் பார்த்துத் தரப்பட்டன. கணக்கு வைக்கிற பழக்கத்தை மட்டும் யாரும் தரவில்லை.

நுண்கடன் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வட்டி வீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது தேவையான பேச்சுத்தான். 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் தெருவோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பெண்கள் ஏன் அங்கேயே போகிறார்கள்? ஊருக்குள் கேட்டால் கிடைக்கிற காசு இல்லை என்பதுதான் அதற்கான முதல் விடை.

2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச கூட்டுறவு ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. 2012க்குப் பிறகு இது இரண்டாவது தடவை. அதையொட்டிச் சில கட்டுரைகளை வாசித்தபோது நான் எதிர்பாராத ஒரு திசையில் எங்கள் ஊரைக் கண்டேன். ஆபிரிக்காவில். ஆபிரிக்கா என்றால் எமது பிள்ளைகளுக்குப் பஞ்சமும் சதிப்புரட்சியும்தான் ஞாபகம் வருகிறது. வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிலால் (ரழி) அவர்களின் பெயரைச் சொல்லுவார்கள், அதற்குப் பிறகு நேரே உதைபந்தாட்ட வீரர்களுக்குத் தாவிவிடுவார்கள்.

நைஜர் என்றொரு நாடு. நைஜீரியா அல்ல, அதற்கு வடக்கே சஹாரா ஓரத்தில் இருப்பது. மக்கள் கிட்டத்தட்ட முழுப்பேரும் முஸ்லிம்கள். உலகின் மிக வறிய நாடுகளின் பட்டியலில் எப்போதும் அடிமட்டத்தில் இருப்பது. அந்த நாட்டின் மராடிப் பகுதியில் 1991இல் கெயார் நிறுவனம் கிராமத்துப் பெண்களோடு ஒரு வேலையைத் தொடங்கியது. வெளியிலிருந்து கடன் காசு எதுவும் கொடுக்கவில்லை. இருபது முப்பது பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களே சேமிப்பது, சேர்ந்த தொகையிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுப்பது, ஒரு வருடமளவில் எல்லாவற்றையும் எண்ணிப் பங்கிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. அவ்வளவுதான் முறை. இன்று இது ஆபிரிக்கா முழுக்கவும் அதற்கு அப்பாலும் பரவி, கிராமியச் சேமிப்புக் கடன் குழு என்ற பெயரில் கோடிக்கணக்கான அங்கத்தவர்களைக் கொண்டிருக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த முறையின் பெட்டிதான். குழுவின் காசு ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூன்று பெண்களிடம் இருக்கும். பெட்டி நான்காவது ஒருத்தியின் வீட்டில் இருக்கும். தலைவியிடம் திறப்பு இல்லை. கூட்டம் கூடாமல் பெட்டி திறக்காது. திறந்ததும் எல்லோர் கண்முன்னும் காசு எண்ணப்படும், எண்ணிய தொகை சத்தமாகச் சொல்லப்படும். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் சென்ற முறை பெட்டியில் இருந்த தொகையை எல்லோரும் மனதில் வைத்திருந்து அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். யார் கடன் எடுத்தார், யார் இன்னும் கட்டவில்லை என்பதும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லப்படும்.

எங்கள் சங்கத்தில் யாப்பு இருந்தது. கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும் இருந்தன. பிரதேச செயலகத்தில் பதிவு இருந்தது. பட்டம் பெற்றவர்கள் மூவர் நிர்வாகத்தில் இருந்தோம். எழுத்தறிவற்ற மராடிப் பெண்களிடம் இருந்த மூன்று பூட்டு மட்டும் எங்களிடம் இருக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த முறை, ஆட்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பி அமைக்கப்பட்டதல்ல. ஆட்கள் கெட்டவர்கள் என்று சந்தேகித்து அமைக்கப்பட்டதும் அல்ல. திறப்பு இல்லாத தலைவி மீது யாரும் பழி சொல்ல முடியாது. மச்சான் முறைக்காரன் வந்து கேட்டால், "என்னிடம் திறப்பு இல்லை" என்று சொல்லிவிடலாம். பூட்டு காசை மட்டுமல்ல, தலைவியின் மானத்தையும் காக்கிறது. எங்கள் தலைவரும் அப்படியொரு பூட்டு இருந்திருந்தால் இன்று தலை நிமிர்ந்து கடைக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வட்டியைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள் என்று தெரியும். அந்தக் குழுக்கள் பலவற்றில் கடனுக்கு மேலதிகத் தொகை அறவிடப்படுகிறது. அது திரும்ப அங்கத்தவர்களுக்கே பங்காகப் போனாலும் எமக்கு அது ஏற்புடையதல்ல. ஆனால் பெட்டியையும் பூட்டையும் எண்ணும் முறையையும் எடுத்துக்கொண்டு வட்டியை விட்டுவிட எந்தத் தடையும் இல்லை. கர்ழுன் ஹஸனாகக் கொடுத்து, நிர்வாகச் செலவுக்கென்று மாதச் சந்தா எடுக்கலாம். எங்கள் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கடனை எழுதிவையுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிடும் வசனம்தான் அல்குர்ஆனில் மிக நீளமானது, சூறத்துல் பகராவின் 282ஆவது வசனம். அதை ஓதுகிற ஊரில் கடன் கொப்பி இல்லை.

தலைமை விடயத்துக்கு வருகிறேன். மோ இப்ராஹிம் என்பவர் சூடானில் பிறந்த நூபிய முஸ்லிம், பொறியியலாளர். 1998இல் செல்டெல் என்ற தொலைபேசி நிறுவனத்தை ஆபிரிக்காவுக்கென்றே தொடங்கினார். லஞ்சம் கொடுக்காமல் அங்கே தொழில் செய்ய முடியாது என்று எல்லோரும் சொன்ன காலம். குறித்த அளவுக்கு மேற்பட்ட கொடுப்பனவு எதுவானாலும் முழு இயக்குநர் சபையும் ஒப்ப வேண்டும் என்று விதி வைத்தார். லஞ்சம் கேட்டு வருகிற அமைச்சரிடம் முகாமையாளர் "என் கையில் இல்லை ஐயா" என்று சொல்லிவிடலாம். மறுபடியும் அதே பூட்டுத்தான், கொஞ்சம் பெரிய அளவில். 2005இல் அந்த நிறுவனத்தை 340 கோடி டொலருக்கு விற்றார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் எங்களுக்கு முக்கியம். நல்லாட்சி நடத்தி, சட்டம் சொன்ன காலம் முடிந்ததும் பதவியை விட்டு இறங்கிய ஆபிரிக்கத் தலைவருக்கு 50 லட்சம் டொலர் பரிசு என்று அறிவித்தார். 2007இல் மொசாம்பிக்கின் சிஸானோவுக்கு முதலில் கிடைத்தது. அதன்பின் பல வருடங்கள் தகுதியான ஆள் இல்லை என்று யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கதிரையிலிருந்து இறங்குவதற்கே இவ்வளவு பெரிய பரிசு வைக்க வேண்டியிருக்கிறது, வைத்தும் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பள்ளி நிர்வாகங்களுக்கும் யாராவது இப்படியொரு பரிசை அறிவித்தால், பணம் பல வருடங்களுக்கு வங்கியிலேயே பத்திரமாக இருக்கும்.

2020ஆம் ஆண்டுக்கான பரிசு நைஜரின் ஜனாதிபதி மஹமது இஸூஃபுவுக்குக் கிடைத்தது. இரண்டு தவணை ஆண்டுவிட்டு 2021 ஏப்ரலில் அவர் இறங்கினார், தேர்தலில் வென்றவரிடம் ஆட்சியைக் கொடுத்தார். 2023 ஜூலையில் இராணுவம் அந்தப் புதிய ஜனாதிபதியைக் கவிழ்த்தது. ஒரு நல்ல மனிதர் சரியான நேரத்தில் இறங்கியும் அமைப்பு பிழைக்கவில்லை. எனவே எமது ஊர்களில் "ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூட்டம் போடுகிறவர்களோடும் நான் முழுதாக உடன்படவில்லை. ஆள் மாறி, பெட்டி அதே பெட்டியாக இருந்தால், புதியவருக்கும் ஒரு மச்சான் இருப்பார்.

மேலிருந்து திணித்தாலும் சரிவராது. தன்சானியாவில் கிளிமஞ்சாரோக் கோப்பி விவசாயிகள் 1933இலேயே தமக்கென்று பலமான கூட்டுறவுச் சங்கம் கட்டியவர்கள். நைரேரேயின் அரசாங்கம் 1976இல் கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்தது. விளைவைக் கண்டு 1982இல் மறுபடி சட்டம் கொண்டுவர நேர்ந்தது. நாங்களும் சளைத்தவர்கள் அல்லர். 1970களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆயிரக்கணக்கான சிறு கூட்டுறவுச் சங்கங்கள் சில நூறு பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள் கரைக்கப்பட்டன. தெரிந்த முகங்கள் கூடி நடத்திய சங்கம் அத்தோடு அலுவலகமாகியது. போர்க்காலத்தில் வன்னியில் நிவாரண அரிசியும் பருப்பும் கொடுத்து உயிர் காத்தது சங்கக்கடைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் "சங்கக்கடை" என்றால் வரிசையில் நின்று வாங்குகிற இடம் என்றுதான் எங்கள் தலைமுறை படித்தது. அது எங்களுடையது என்று படிக்கவில்லை.

ருவாண்டாவைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவர்களும் பேரழிவிலிருந்து எழும்பியவர்கள். 1994 இனப்படுகொலைக்குப் பின், 1999இல் மராபா என்ற மலைக்கிராமத்தில் சுமார் 220 கோப்பி விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அவர்களில் கணவனை இழந்த பெண்கள் பலர். கொலைக் குற்றத்துக்குச் சிறையில் இருந்தவர்களின் மனைவியரும் அதே சங்கத்தில் அதே கோப்பிப் பழத்தைக் கழுவினார்கள். சில வருடங்களில் அவர்களின் கோப்பி பிரித்தானிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனது. எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் அந்த நாட்டில் கூட்டுறவுகளைக் கண்காணிக்கத் தனி அரச முகவரகம் அமைத்த பின்னும் கையாடல் செய்திகள் ஓயவில்லை. பூட்டை வாங்கினால் போதாது, ஒவ்வொரு கிழமையும் பூட்ட வேண்டும்.

இனி எங்கள் பக்கம். வன்னி முஸ்லிம்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது: புத்தளத்தில் ஒரு கால், இங்கே ஒரு கால். தலைவர் மாதத்தில் பாதி அங்கே, செயலாளரின் பிள்ளைகள் படிப்பது அங்கே. வங்கிக்குக் கையொப்பமிட வேண்டியவர் இருவரில் ஒருவர் எப்போதும் ஊரில் இல்லை, ஆகவே வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பம். பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேராது, ஆகவே பழைய நிர்வாகமே தொடரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் காணிக் கச்சேரியில் ஊருக்காகப் பேசப் போகும்போது, கூட்டறிக்கையும் அங்கத்தவர் இடாப்பும் எங்கே என்று உத்தியோகத்தர் கேட்டால் தலையைச் சொறிகிறோம். திரும்பி வந்தவர்கள் யார், எத்தனை பேர் என்பதில் எப்போதும் சர்ச்சை இருக்கிற மாவட்டத்தில், இடாப்பு இல்லாத சங்கம் தன் கையாலேயே தன் வாயை மூடுகிறது.

பள்ளிவாசல்களுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வக்பு சபை நம்பிக்கையாளர்களைக் குறித்த காலத்துக்கே நியமிக்கிறது, கணக்குக் கொடுக்கும் பொறுப்பும் உண்டு. ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தல் பலகையில் மாதக் கணக்கு ஒட்டுகிற பள்ளிகளும் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஒட்டாத பள்ளியில் கேட்டால் வருகிற பதில் எல்லோருக்கும் பாடம்: "அல்லாஹ்வுடைய வீட்டுக் காசைச் சந்தேகப்படுகிறீர்களா?"

கூஃபா மக்கள் தங்கள் ஆளுநர் மீது முறையிட்டபோது உமர் (ரழி) என்ன செய்தார்கள் என்று எங்கள் உலமாக்கள் மிம்பரில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி சொல்லலாம். அந்த ஆளுநர் சாதாரண ஆளல்ல, சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி). ஆனாலும் விசாரணைக்கு ஆள் அனுப்பப்பட்டது, கூஃபாவின் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் மக்களிடம் கேட்கப்பட்டது. பெரும்பாலானோர் அவரைப் புகழ்ந்தார்கள். அப்படியிருந்தும் வேறொருவர் நியமிக்கப்பட்டார். துரோகத்துக்காகவோ இயலாமைக்காகவோ நான் அவரை நீக்கவில்லை என்று உமர் (ரழி) பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார்கள். குற்றவாளி என்று முத்திரை குத்தாமலே ஒருவரைப் பொறுப்பிலிருந்து இறக்கலாம், இறங்கியவரின் கண்ணியமும் குறையாது. எமது ஊர்களில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. கணக்குக் கேட்டால் கள்ளன் என்று சொன்னதாக அர்த்தம், இறங்கினால் கள்ளன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு யார்தான் இறங்குவார்?

பெண்கள் விடயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. சங்கத்தில் கடன் எடுத்துக் கட்டி முடித்தவர்களில் அநேகர் பெண்கள். நிர்வாகத்தில் இருந்த பெண் நான் ஒருத்தி, அதுவும் கையொப்பத்துக்கு. லோன்காரருக்கு முகம் கொடுக்கிறவர்களிடம் ஒரு திறப்பாவது இருக்க வேண்டாமா?

இதெல்லாம் சின்ன ஊரின் சின்னக் காசைப் பற்றிய பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு 1000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் என்றும் சொல்லப்படுகிறது. அவை வந்தால் சாப்பாடு, உடுப்பு, வாகனம், மரக்கறி என்று எத்தனையோ சிறு தொழிலுக்கு இடம் வரும், இன்ஷா அல்லாஹ். அந்த வாசலில் தனியாள் ஒருத்தி தையல் இயந்திரத்தோடு நிற்பதற்கும் முப்பது பேர் பதிவும் கணக்கும் உள்ள சங்கமாக நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வருகிற கொம்பனி மூன்று வருடக் கணக்கறிக்கையைக் கேட்கும். எங்களிடம் கொப்பித் தாள் இருக்கிறது, அதில் என் கையொப்பமும் இருக்கிறது.

யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றபோது இரண்டு தகைமைகளைச் சொன்னார்கள்: காக்கத் தெரியும், விபரமும் தெரியும். எகிப்தும் ஆபிரிக்காதான். எங்கள் நிர்வாகத் தெரிவுகளில் முதலாவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறோம், "நல்ல மனிசன், தொழுகையாளி" என்று. காசேடு எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ரீச்சர் என்றால் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன கிழமை தலைவரின் வீட்டுக்குப் போனேன். பழைய கொப்பிகள், கடன் எடுத்தவர் பெயர்கள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், நான் வைத்த கையொப்பங்களையும் சேர்த்து, என்று சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பிறகு தேத்தண்ணி தந்தார். வங்கிப் புத்தகம் புத்தளத்தில் இருக்கிறதாம், எடுத்து வருவதாகச் சொன்னார். அடுத்த மாத முதல் சனிக்கிழமை அஸருக்குப் பின் கூட்டம் வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். கட்டாதவர்களின் பெயர்களைக் கூட்டத்தில் வாசிப்பதா இல்லையா என்பதில் இன்னும் இணக்கம் இல்லை. அந்தப் பிள்ளையின் தாயிடம் சொன்னேன். புதன்கிழமைத் தவணைக்கு என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.